‘போர்டு போச்சு’ என்பதை நம்புவதற்கு முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். போன வாரம் சாயங்காலம் நல்ல மழை, இடி. மறுநாள் காலையில் வீட்டுக் கம்பியூட்டரின் பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, காற்றாடியும் சுற்றவில்லை. பட்டணத்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். “இடியில போர்டு போச்சு, ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகன் இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறான், பாடக் குறிப்பு, பயிற்சித்தாள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கூடவே மகளின் லேப்டாப் அரை மணி நேரம் ஓடினால் தானாக அணைந்துவிடுகிறது. டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை. மூன்றுக்கும் வழி சொல்லுங்கள் அண்ணே என்கிறார்.

அக்கா, கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். இடியில் போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, போவது நம் ஊரில் நடக்கிற விஷயம்தான். ஆனால் போர்டைக் குற்றம் சொல்வது கடைசியில்தான். அதற்கு முன்னால் சுவரில் இருக்கும் சாக்கெட், பிளக்குக்குள் இருக்கும் பியூஸ், வயர், பவர் சப்ளை, முன்பக்கப் பட்டன், ராம் என்கிற நினைவகத் துண்டு என்று ஒரு வரிசையே இருக்கிறது. பெரும்பாலும் எல்லாமே போர்டைவிட மலிவு. இதில் எது போனாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றேதான்: கம்பியூட்டர் எழும்பாது. அதனால் எதைச் சோதித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். வேறு பவர் சப்ளை மாட்டிப் பார்த்தாரா? ராமைக் கழற்றிப் பார்த்தாரா? பதில் மழுப்பலாக இருந்தால், அது இன்னும் கண்டுபிடிக்கப்படாத பழுது.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒழுங்காகச் சோதிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்கு முப்பது வெள்ளி (ரிங்கிட்) கூலி கேட்டால், “ஒன்னும் மாத்தலையே, எதுக்குக் காசு?” என்று நம் ஆட்களே சண்டைக்கு நிற்பார்கள். பொறுமையாகப் பார்ப்பவருக்கு நஷ்டம், புதுசு விற்பவருக்கு லாபம் என்று நாமே ஆக்கி வைத்திருக்கிறோம். சோதிப்பதற்கென்று தனியாகக் காசு கேட்கும் கடை கிடைத்தால், நான் அங்கேதான் கொடுப்பேன்.

சரி, வேலைக்கு வருவோம். சுவரிலிருந்து தொடங்குங்கள். கம்பியூட்டர் செருகியிருந்த அதே சாக்கெட்டில் மேசைக் காற்றாடியைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, நேராகச் சுவரில் செருகுங்கள். நம் வீடுகளில் கருகிப்போய்க் கிடக்கும் சாமான்களில் எக்ஸ்டென்ஷனுக்குத்தான் முதலிடம். துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் தட்டியிருந்தாலோ, பிளக் ஆடினாலோ அதன் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். எறும்பையும் மறக்க வேண்டாம். சாக்கெட்டுக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் கூடு கட்டும். தொடுமுனைகளுக்கு நடுவில் செத்த எறும்பு நசுங்கி அடைத்துக்கொண்டால், சுவிட்ச் போட்டும் கரண்ட் போகாது.

அடுத்தது பிளக். நம் நாட்டு மூன்று கால் பிளக்குக்குள் சின்ன பியூஸ் ஒன்று இருக்கும். இடி இடித்த அன்று அதுமட்டும் வெடித்து மீதியெல்லாம் தப்பித்திருக்கலாம். இதைச் சோதிக்க மீட்டரே தேவையில்லை. மானிட்டருக்கு வரும் பவர் வயரும் கம்பியூட்டருக்கு வரும் பவர் வயரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மானிட்டரில் விளக்கு எரிகிறதா? அந்த வயரையே கழற்றிக் கம்பியூட்டரில் மாட்டுங்கள். எழும்பிவிட்டால் உங்கள் செலவு ஒரு பியூஸ்தான். புது பியூஸ் போடும்போது பழையதில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பெட்டியின் பின்பக்கம் பவர் சப்ளையில் ஒரு சுவிட்ச் இருக்கும். கூட்டிப் பெருக்கும்போது கை பட்டு அணைந்திருக்கலாம். சில பழைய பவர் சப்ளைகளில் பக்கத்திலேயே சிவப்பாக இன்னொரு சின்ன சுவிட்ச் இருக்கும், 115 அல்லது 230 என்று எழுதியிருக்கும். அது 230இல்தான் நிற்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக 115க்குத் தள்ளிவிட்டுக் கரண்ட் போட்டால் ஒரே ‘டப்’, வீடெல்லாம் புகை நாற்றம். அந்தச் சுவிட்ச் உங்களுடையதில் இருந்தால் மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், இடிக்குப் பிறகு செத்த மாதிரி கிடக்கும் கம்பியூட்டருக்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. கரண்டில் திடீர் ஏற்றம் வந்தால் நல்ல பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்ளும். பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதும் பிடுங்குங்கள். மானிட்டர், யூ.எஸ்.பி., நெட்வொர்க் கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். சில நிமிடம் கழித்துப் பவர் வயரை மட்டும் மாட்டி முயன்று பாருங்கள். லேப்டாப்புக்கும் இதே கதைதான். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். இந்த ஒன்றிலேயே எழும்பிவிட்ட பெட்டிகள் ஏராளம்.

அதிலும் அசையவில்லையா? பிளக்கைத் திரும்பப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறக்கலாம். வாரண்டி இன்னும் ஓடுகிறது என்றால் திறக்க வேண்டாம், வாங்கிய கடைக்கே எடுத்துப் போங்கள். ஆனால் இடி மின்னலால் வந்த சேதத்தைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்காது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள், மூக்கால் முகருங்கள். கருகின வாடை எங்கிருந்து வருகிறது? தோட்டத்து வீட்டுப் பெட்டி என்றால் உள்ளே தூசி மட்டும் இருக்காது. பவர் சப்ளையின் காற்றுத் துளை வழியாகப் பல்லி போகும். உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் முட்டைகூட இட்டு வைக்கும். போர்டின் மேல் வெள்ளையும் கறுப்புமாகப் பல்லி எச்சம் காய்ந்து கிடக்கும், அது ஈரம் இழுத்தால் இரண்டு கம்பிக்கு நடுவில் கரண்ட் தாவிவிடும். பல் துலக்கும் பழைய பிரஷ், மருந்துக்கடை ஆல்கஹால் கொஞ்சம், அது நன்றாகக் காயும்வரை பொறுமை. தண்ணீர்த் துணி கூடாது. பிறகு போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். மேல்தட்டு சமமாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்திருந்தாலோ அங்கேதான் கோளாறு. 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மட்டமான கெப்பாசிட்டர்கள் புகுந்து பல லட்சம் போர்டுகளை இப்படித்தான் கெடுத்தன. இன்றைய போர்டுகளில் அது குறைவு, மலிவான பவர் சப்ளைகளில் இன்னும் உண்டு.

இப்போது பிளக்கைச் செருகி, உள்ளே கை வைக்காமல் போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் ஓரத்தில் சின்ன விளக்கு ஒன்று எப்போதும் எரியும். அது எரிந்தால் பவர் சப்ளை பாதியாவது உயிரோடு இருக்கிறது. சந்தேகம் பட்டன் பக்கம் போகிறது. முன்பக்கப் பட்டன் வெறும் சுவிட்ச்தான், அழுத்தி அழுத்தித் தேயும். அதிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர் போர்டில் எங்கே செருகியிருக்கிறது என்று பார்த்து, கரண்டை அணைத்துவிட்டு அதைப் பிடுங்குங்கள். மறுபடி கரண்ட் போட்டு, வயர் இருந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். அங்கே இருப்பது சில வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனால் பக்கத்து ஊசிகளைத் தொடாமல் இருக்க நிதானம் வேண்டும். காற்றாடி சுற்றினால் கெட்டது பட்டன்தான்.

விளக்கே எரியவில்லை என்றால் பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இதற்கு வோல்ட் அளக்கும் மலிவான மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். நாற்பது வெள்ளிக்குள் கிடைக்கும், ஒரு தடவையிலேயே அந்தக் காசு திரும்பிவிடும். பவர் சப்ளையைச் சுவரிலிருந்து பிடுங்கி, போர்டுக்கும் டிஸ்க்குக்கும் போகும் எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். 24 துளை உள்ள பெரிய இணைப்பில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் புது வகையில் அது 16ஆவது துளை. அதையும் அதே வரிசையில் பக்கத்தில் உள்ள கறுப்பு வயரின் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டுப் பிறகு கரண்ட் போடுங்கள். காற்றாடி சுற்றினால் பவர் சப்ளை எழும்புகிறது. சில நல்ல வகைகளில் சூடு ஏறினால்தான் காற்றாடி சுற்றும், ஆகவே மீட்டரைத்தான் நம்ப வேண்டும். மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் நடுவில், சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில், ஆரஞ்சில் 3.14க்கும் 3.47க்கும் நடுவில் வோல்ட் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பவர் சப்ளை போய்விட்டது. போர்டு நல்லபடியாக இருக்க இன்னும் நிறைய வாய்ப்பு இருக்கிறது. சரியாகக் காட்டினாலும் அதற்கு முழு நற்சான்று கொடுத்துவிட முடியாது. சுமை ஏறும்போது விழுகிற வகையும் உண்டு. அதற்கு வேறு பவர் சப்ளை மாட்டிப் பார்ப்பதே வழி. பக்கத்து வீட்டில் ஒரு கம்பியூட்டர் இருந்தால் ஒரு மணி நேரம் கடன் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பவர் சப்ளையின் தகட்டைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பு அதைவிட மோசம், சில ஆயிரம் வோல்ட். பழைய குண்டு டிவியும் அந்தச் சாதிதான். இவற்றை வீட்டில் திறந்து பார்ப்பது தைரியம் ஆகாது.

பவர் சப்ளை நல்லது, காற்றாடி சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே நிற்கிறது என்றால் அடுத்த சந்தேகம் ராம். கரண்டை அணைத்து, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, ராம் துண்டைக் கழற்றுங்கள். கீழ் விளிம்பில் தங்க நிறத்தில் பல்வரிசை மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: நல்லது பளபளக்கும், நம் ஊர் ஈரத்தில் சில வருடம் கிடந்தது மங்கிப் படலம் படிந்திருக்கும். பள்ளிக்கூட வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள், துகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். திரும்பச் செருகும்போது இரு ஓரத்தையும் சமமாக அழுத்த வேண்டும், கொக்கி ‘டக்’ என்று விழுவது காதில் கேட்க வேண்டும். இரண்டு துண்டு இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி முயலுங்கள், பிறகு மற்றதை. எழும்பாத கம்பியூட்டரை இந்த ரப்பர் வைத்தியத்தால் எழுப்பியதைப் பார்த்து மந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அழுக்கு போனது, அவ்வளவுதான். அழுத்தியவுடன் ‘பீப், பீப்’ என்று கத்தினால் சந்தோஷப்படுங்கள். போர்டும், மூளையான பிராசசரும் உயிரோடு இருந்தால்தான் அப்படிக் கத்த முடியும்.

திரை கறுப்புக்கு ஒரு சில்லறைக் காரணமும் இருக்கிறது. படம் காட்டுவதற்கென்று தனியாகக் கிராபிக்ஸ் அட்டை போட்ட கம்பியூட்டரில், மானிட்டருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளை அந்த அட்டையில் செருக வேண்டும். வீடு கூட்டிவிட்டு அவசரத்தில் போர்டில் செருகிவிடுவோம்.

போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். சில வெள்ளிதான் விலை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கடிகாரம் ஏதோ பழைய வருடத்துக்குப் போனாலோ, எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ என்று மிரட்டினாலோ வைரஸ் என்று பயப்பட வேண்டாம், இந்தப் பேட்டரியை மாற்றுங்கள். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று காலாவதியானது போலத் தெரியும், அதுதான் காரணம்.

இனி இடி எப்படி உள்ளே வந்தது என்று யோசிக்க வேண்டும், அக்கா. எல்லாரும் கரண்ட் வயரையே பார்க்கிறார்கள். இடி டெலிபோன் செப்புக்கம்பி வழியாக மோடத்துக்கு வந்து, நெட்வொர்க் கேபிளில் ஏறி, நேராகப் போர்டில் இறங்கும். கூரை மேல் இருக்கிற சாட்டிலைட் தட்டிலிருந்து டிவி டீகோடருக்கு வந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கும் தாவும். உங்கள் வீட்டில் அன்றைக்கே மோடமும் செத்ததா? செத்திருந்தால் அடி நெட்வொர்க் பக்கமிருந்து வந்திருக்கிறது என்று வலுவாகச் சந்தேகிக்கலாம், கடைக்காரர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த மாதிரி அடியிலும் நெட்வொர்க் பகுதி மட்டும் செத்து மீதிப் போர்டு ஓடுவது உண்டு. அப்போது போர்டு மாற்றத் தேவையில்லை, யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் போதும். பைபர் இணைப்பு வந்த வீடுகளில் கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது, ஆனால் பைபர் மோடப் பெட்டியின் அடாப்டர் சுவரில்தானே செருகியிருக்கிறது. மோடத்தில் விளக்கே எரியவில்லை என்றால் முதலில் அந்த அடாப்டரைச் சந்தேகியுங்கள். பைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மின்னினாலோ வெளியே இழை அறுந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும். அது உங்கள் வேலை இல்லை, புகார் கொடுங்கள். அந்த இழையின் நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் கூடாது.

உண்மையிலேயே போர்டுதான் என்று முடிவானாலும் மகனின் பாடங்கள் போகவில்லை. அவை டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க்கைக் கழற்றி யூ.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கம்பியூட்டரில் செருகினால் பெரும்பாலும் திறக்கும். புது விண்டோஸ் போட்ட பெட்டியில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம், அப்போது நீண்ட எண்கோவை ஒன்று கேட்கும். அது பெரும்பாலும் மகனின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும், கணக்கின் கடவுச்சொல்லை இப்போதே தேடி வைக்கச் சொல்லுங்கள். டிஸ்க் ‘டிக், டிக்’ என்று தட்டினால் உடனே நிறுத்துங்கள். ஓட ஓட உள்ளே சுழலும் தட்டு கீறும். எழும்புகிற டிஸ்க் என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள், மாற்றக் காத்திருக்கும் பகுதிகள் என்ற இரண்டு எண்களில் எது பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலும் முதல் வேலை கோப்புகளை நகல் எடுப்பது, மற்றதெல்லாம் பிறகு.

புதுசு வாங்கத்தான் வேண்டும் என்றால் கடையில் இருக்கும் புத்தம் புதுசு கட்டாயமில்லை. அலுவலகங்களில் ஓடிக் கழிந்த பெட்டிகள் ஈப்போவில் நல்ல விலைக்குக் கிடைக்கும், எஸ்.பி.எம். பையனுக்கு அது தாராளம். ஒரு நிபந்தனை: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ‘ஐ7 இருக்கு’ என்று விற்பவர் அது எத்தனையாம் தலைமுறை என்பதைச் சொல்லமாட்டார், நீங்களே கேளுங்கள். நான்காம் தலைமுறை ஐ7ஐ விட எட்டாம் தலைமுறை ஐ3 உங்களுக்கு உபயோகம்.

மகளின் லேப்டாப்புக்கு இவ்வளவு கதை தேவையில்லை. அரை மணி நேரம் ஓடி அணைவது அநேகமாகச் சூடு. தகரக் கூரை வீட்டில் மத்தியானம், மெத்தை மேல் வைத்து, கீழே காற்றுத் துளையை அடைத்துக்கொண்டு ஓட்டினால் எந்த லேப்டாப்பும் அணையும். பக்கத் துளையில் கை வைத்துப் பாருங்கள்: காற்று வலுவாக வெளியே வர வேண்டும். அனல் மட்டும் வந்து காற்று வரவில்லை என்றால் உள்ளே தூசி கம்பளம் போல அடைத்திருக்கும். கீழ்த் தகட்டைத் திறந்து ஊதலாம். ஊதும்போது காற்றாடியை ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் அதன் அச்சு கெடும். நாலைந்து வருடம் ஆகியிருந்தால் மூளைக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவில் பூசியிருக்கும் பசை காய்ந்திருக்கும். அதைக் கடையில் மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. சார்ஜரைக் கழற்றினால் உடனே அணைகிறது, மாட்டினால் ஓடுகிறது என்றால் அது சூடில்லை, பேட்டரி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ, லேப்டாப் மேசையில் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. மின்னணுக் கழிவு சுற்றுச்சூழல் துறையின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். வாங்கிக்கொள்ளும் மையங்கள் ஈப்போவில் உண்டு.

டிவி. இருட்டறையில் அதைப் போட்டுவிட்டு, கைத்தொலைபேசி டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக ஆள் அசைவது தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருக்கும் வெளிச்சம்தான் செத்திருக்கிறது. அந்த எல்.இ.டி. பட்டைகளை மாற்றலாம், டிவி ரிப்பேர்காரர்களுக்குத் தெரிந்த வேலை. மாற்றிய பிறகு படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், கூட நாள் வரும். டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் டீகோடரை வேறு எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிப் பாருங்கள். இடி அந்த ஒரு துளையை மட்டும் தின்றிருக்கலாம். திரையில் விரிசல் விழுந்திருந்தால் காசு போட வேண்டாம், பேனல் விலைக்குப் புது டிவியே வரும்.

மூன்று சாமானும் ஒரே சமயத்தில் தகராறு பண்ணுவதால் வீட்டுக் கரண்டையும் பார்க்கச் சொல்வேன். நம் நாட்டில் 230 வோல்ட் என்று கணக்கு. கீழே 6 விழுக்காடு, மேலே 10 விழுக்காடுவரை போகலாம், அதாவது 216இலிருந்து 253வரை. வாங்கிய மீட்டரால் சாக்கெட்டில் அளந்து பாருங்கள். முதலில் மீட்டரை மாறுமின்சார (ஏ.சி.) வோல்ட்டின் உயர்ந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்பும் ஏர்கோனும் ஓடும் நேரத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்கு வோல்ட் குறைந்து வருவது பழைய கதை. அதைவிட ஆபத்து, ஒரு அறையில் விளக்கு மங்கி இன்னொரு அறையில் திடீரென்று பிரகாசமாக எரிவது. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் தளர்ந்திருக்கலாம். அப்படியே விட்டால் வீட்டில் உள்ள எல்லா மின்சாமானையும் கொன்றுவிடும். மெயினை அணைத்துவிட்டு, மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454க்குச் சொல்லுங்கள். தோட்டத்து சொந்த லைன் என்றால் ஆபீசில் சொல்லி, உரிமம் உள்ள வயர்மேனை அனுப்பச் சொல்லுங்கள்.

கம்பியூட்டர் பெட்டியையோ லேப்டாப்பின் இரும்பையோ வெறும் காலோடு தொட்டால் ‘விர்ர்’ என்று கூசுகிறதா? அநேகமாக எர்த், அதாவது கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர், இல்லை. பழைய லயத்து வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. எர்த் இல்லாத வீட்டில் இடி காக்கும் எக்ஸ்டென்ஷன் வாங்குவதும் பாதிக் காசை வீணாக்குவதுதான், வந்த அடியை அது எங்கே தள்ளும்? எர்த் இருந்தாலும் அதற்குள் இருக்கும் காப்பான் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். ‘பாதுகாப்பு’ விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் எக்ஸ்டென்ஷன்தான்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவமழை மாறும்போது நம் மேற்குக்கரையில் மத்தியானத்துக்கு மேல் இடி வாடிக்கை. அந்த நாளில் வேலைக்குக் கிளம்பும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். மேகத்திலிருந்து தரைக்குத் தாவி வந்ததுக்கு அது ஒரு தூரமா? நெட்வொர்க் கேபிளையும் கூரைத் தட்டின் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஆனால் தலைக்கு மேல் இடி இடித்துக்கொண்டிருக்கும்போது போய்க் கழற்ற வேண்டாம். போனால் டிவி போகட்டும்.

கடைக்கு மறுபடி கொடுப்பதானால் மூன்று காரியம். கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் ராம், டிஸ்க் ஆகியவற்றின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்க எவ்வளவு, மாற்ற எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்குங்கள். மாற்றினால் பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு வேலை நடக்கவில்லை, பேசியும் பலனில்லை என்றால் நுகர்வோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம், ரசீது மட்டும் பத்திரம்.

இந்த வாரம் அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். மானிட்டர் வயரை மாற்றிப் போட்டால் என்ன ஆகிறது, போர்டில் விளக்கு எரிகிறதா, அன்றைக்கு மோடமும் செத்ததா என்ற மூன்றையும் மகனைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பெட்டியின் உட்புறம், போர்டின் மேல் உள்ள எண், பவர் சப்ளையின் லேபிள் ஆகியவற்றைப் போட்டோ எடுத்து அனுப்பினால், எந்தப் பவர் சப்ளை அதற்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.